கிளைவ் பிரபு எத்தனை பேர்? ஒரு பட்டம் கைமாறிய வரலாறு

பத்தாம் வகுப்பில் பாளையக்காரர் கிளர்ச்சியை நடத்தும்போது 1801ஆம் ஆண்டின் கர்நாடக உடன்படிக்கையைத் தொடாமல் செல்ல முடியாது. அப்போது சென்னையின் ஆளுநர் யார் என்று கேட்டால் 'கிளைவ் பிரபு' என்றுதான் விடை சொல்ல வேண்டும். உடனே ஒரு கை உயரும். "சார், பிளாசிப் போர் நடத்திய கிளைவ் 1774லேயே இறந்துவிட்டாரே, 1801இல் எப்படி ஆளுநராக இருக்க முடியும்?" என் வகுப்பில் இந்தக் கேள்வி ஏறக்குறைய ஆண்டுதோறும் வருகிறது. கேட்கும் மாணவர் நன்றாகப் படித்தவர் என்பதற்கு அதுவே சான்று. "அவர் வேறு, இவர் வேறு, இவர் அவருடைய மகன்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் பாடத்தைத் தொடரலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. 'பிரபு' என்று நாம் ஒரே சொல்லால் அழைப்பது ஒருவரின் பெயரா, பதவியா, குடும்பச் சொத்தா? அது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? யாருக்குப் போகாது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் எட்டாம் வகுப்பில் வரும் வாரிசு இழப்புக் கொள்கையும் புதிய வெளிச்சத்தில் தெரியும்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிரிட்டனின் பரம்பரைப் பிரபுக்களில் ஐந்து படிகள் உண்டு. மேலிருந்து கீழாக டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். கடைசிப் பட்டத்தைப் பழைய நூல்கள் சில 'பேரன்' என்று அச்சிட்டிருக்கின்றன. அதை வகுப்பில் அப்படியே படித்தால் 'யாருடைய பேரன்?' என்ற கேள்வி நிச்சயம் வரும். எனவே 'பாரன்' என்று எழுதிவிடுவது நல்லது. டியூக் நீங்கலாக மற்ற நான்கு படியினரையும் பேச்சு வழக்கில் 'லார்டு' என்று அழைப்பார்கள். அதைத்தான் நாம் 'பிரபு' என்று மொழிபெயர்த்தோம். ஆகவே நம் பாடநூலின் கிளைவ் பிரபு, காரன்வாலிஸ் பிரபு, வெல்லெஸ்லி பிரபு, டல்ஹௌசி பிரபு ஆகிய நால்வரும் ஒரே படியில் நின்றவர்கள் அல்லர். இவர்களுள் சிலருக்கு இந்தியாவில் இருந்தபோதே படி மாறியது. 1798இல் தலைமை ஆளுநராக வந்து இறங்கியவர் மார்னிங்டன் ஏர்ல். திப்பு வீழ்ந்த ஆண்டான 1799இன் இறுதியில் அவர் வெல்லெஸ்லி மார்க்விஸ் ஆனார். ஆள் ஒருவரே. மூல ஆவணங்களைப் படிக்கும் மாணவர் இருவர் என்று எண்ணிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு.

இனி கிளைவின் வீட்டுக்கு வருவோம்.

1744இல் பதினெட்டு வயதில் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்த இராபர்ட் கிளைவ், 1753இல் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் திருமணம் செய்துகொண்டார். ஆற்காடு முற்றுகைக்குப் பின் தாயகம் திரும்பியபோது, 1754இல் இலண்டனில் மூத்த மகன் எட்வர்டு பிறந்தான். 1757இல் பிளாசி. மீர் ஜாபரிடமிருந்து கிளைவ் தனிப்பட்ட முறையில் பெற்ற தொகை 2,34,000 பவுன். இவ்வளவு பணத்தோடு ஊர் திரும்பியவர் அடுத்து விரும்பியது பட்டம். 1762இல் அது கிடைத்தது: 'பிளாசியின் கிளைவ் பாரன்'. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. அது அயர்லாந்துப் பிரபுப் பட்டம்.

இந்தக் குறையை மாணவர்களுக்கு விளக்கினால் பட்டத்தின் உண்மையான மதிப்பு எதில் இருந்தது என்பது புரியும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றுக்கு அன்று தனித்தனிப் பிரபு வரிசைகள் இருந்தன. 1707க்குப் பின் முதல் இரண்டும் கிரேட் பிரிட்டன் வரிசையாக இணைந்தன; அயர்லாந்து தனியே நின்றது. கிரேட் பிரிட்டன் வரிசையில் பட்டம் பெற்றவருக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் பிரபுக்கள் சபையில் இருக்கை உண்டு. மகனுக்கும் உண்டு, பேரனுக்கும் உண்டு. தேர்தல் கிடையாது. அயர்லாந்துப் பட்டத்துக்கு அந்த இருக்கை இல்லை. அதனால் 'பிரபு'வான பிறகும் கிளைவ் ஷ்ரூஸ்பரி தொகுதியிலிருந்து மக்கள் சபை உறுப்பினராகவே இறுதிவரை இருந்தார். பட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அயர்லாந்தில் ஒரு பண்ணை வாங்கி, அதற்குப் பிளாசி என்று பெயரும் வைத்தார். வங்காளத்து மாந்தோப்பின் பெயர் அயர்லாந்தில் லிமெரிக் நகரத்தின் அருகே இன்றும் வழங்குகிறது. அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் பிளாசி மாளிகை இருக்கிறது. வரைபடப் பயிற்சிக்கு நல்ல தகவல்.

1774இல் கிளைவ் இறந்தார். அன்றே எட்வர்டு இரண்டாம் கிளைவ் பாரன் ஆனார். முடிசூட்டு இல்லை, நியமன ஆணை இல்லை. பட்டயத்தில் எழுதப்பட்ட விதிப்படி தந்தை இறந்த கணத்தில் மகன் பட்டத்துக்கு உரியவராகிறார். இவரும் லட்லோ தொகுதியிலிருந்து மக்கள் சபையில்தான் அமர்ந்தார். தந்தைக்குக் கிடைக்காத கிரேட் பிரிட்டன் பட்டம் 1794இல் மகனுக்குக் கிடைத்தது. அப்போதுதான் கிளைவ் குடும்பம் பிரபுக்கள் சபைக்குள் நுழைந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1798 ஆகஸ்டில், எட்வர்டு சென்னையின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். 1803 வரை இருந்தார்.

அந்த ஐந்து ஆண்டுகளில் என்னென்ன நடந்தன என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். நான்காம் மைசூர்ப் போர், திப்புவின் மரணம், கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது, மருது சகோதரர்களின் கிளர்ச்சியும் தூக்கும், கர்நாடக உடன்படிக்கை. தமிழ்நாட்டு வரலாற்றின் இத்தனை பக்கங்களும் இந்த 'இரண்டாம் கிளைவ்' காலத்தவை. மைசூர் வெற்றியின் நினைவாக அவர் கட்டிய விருந்து மண்டபம் 1802இல் முடிந்தது. இன்று அதற்கு இராஜாஜி மண்டபம் என்று பெயர். சென்னை ஆசிரியர்கள் மாணவர்களை நேரிலேயே அழைத்துச் செல்லலாம்.

எட்வர்டு பிரபுவின் மனைவியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பட்டத்தின் கதை நகராது. பெயர் ஹென்ரியட்டா. வேல்ஸ் நாட்டின் போவிஸ் கோட்டைக்குச் சொந்தமான ஹெர்பர்ட் குடும்பத்துப் பெண். 1800இல் கணவர் சென்னையில் அலுவலில் இருக்க, இவர் இரண்டு மகள்களோடு பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டினம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் தென்னிந்தியா முழுவதும் சுற்றி வந்து நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். அவருடன் வந்த சிறுமி சார்லட் பின்னாளில் நார்தம்பர்லாந்து டியூக்கின் மனைவியாகி, இளவரசியாக இருந்த விக்டோரியாவுக்குக் கல்வி மேற்பார்வையாளராக அமர்ந்தார். தஞ்சாவூரை நேரில் கண்ட ஒருத்தி விக்டோரியாவின் இளமைக் கல்விக்குப் பொறுப்பாக இருந்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

ஹென்ரியட்டாவின் அண்ணன் ஜார்ஜ் ஹெர்பர்ட்தான் அன்றைய போவிஸ் ஏர்ல். அவர் 1801இன் தொடக்கத்தில் திருமணம் ஆகாமலே இறந்தார். போவிஸ் ஏர்ல் என்ற பட்டம் அவரோடு அற்றுப்போனது. அது முதன்முறையாக அற்றுப்போனதும் அன்று. 1674இல் முதலில் உருவாக்கப்பட்ட அந்தப் பட்டம் பின்னர் மார்க்விஸ் நிலைக்கு உயர்ந்து, 1748இல் வாரிசின்றி மறைந்தது. அதே ஆண்டில் ஹெர்பர்ட் குலத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்தவருக்காக மீண்டும் புதிதாக உருவாக்கப்பட்டது. அவர் மகன்தான் ஜார்ஜ்.

இங்கேதான் வகுப்பை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பேன். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. தங்கை உயிரோடு இருக்கிறார். தங்கைக்கு இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். பட்டம் ஏன் அவர்களிடம் போகவில்லை?

ஆங்கில நூல்களில் இதை விளக்கப் பல பத்திகள் ஆகும். தமிழில் ஒரு சொல் போதும்: பங்காளி. பட்டயத்தில் பொதுவாக எழுதப்படும் விதி இதுதான்: பட்டத்தை முதலில் பெற்றவரின் முறையான வழிவந்த ஆண்கள், ஆண்வழியாக மட்டும். அதாவது பட்டம் பங்காளிகளுக்குள்ளேயே சுற்றும். மாமன் மச்சான் பக்கம் போகாது. ஆங்கிலத்தில் அண்ணன் மகனும் தங்கை மகனும் ஒரே சொல்தான். நம் மொழியில் ஓர் ஆணுக்கு அண்ணன் தம்பி மகன் மகன் முறை, அக்கா தங்கை மகன் மருமகன் முறை. மகன் முறைக்குப் பட்டம் போகலாம். மருமகன் முறைக்குப் போகாது. கிராமத்துப் பள்ளி மாணவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளும் வேகத்தைப் பார்த்தால், உறவுமுறை தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கிலாந்து வரலாறு கடினமே இல்லை என்று தோன்றும். மொழிபெயர்ப்பு நூல்களில் 'மருமகன்' என்று வந்தால் ஒரு நிமிடம் நின்று, எந்த வழி உறவு என்று பார்த்துவிட்டு நடத்துவது நல்லது.

ஆனால் பட்டம் போகவில்லை என்பதால் சொத்தும் போகவில்லை என்று பொருள் அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டம் பட்டயத்தின்படி செல்லும்; நிலமும் கோட்டையும் உயிலின்படி செல்லும். இரண்டும் இரண்டு வெவ்வேறு கயிறுகள். ஜார்ஜ் தன் உயிலில் தங்கை மகனுக்குச் சொத்தை எழுதி வைத்தார். குடும்பப் பெயரை ஹெர்பர்ட் என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. 1807இல் அந்தப் பையன் அரச அனுமதியோடு கிளைவ் என்ற பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆனான். இராபர்ட் கிளைவின் பேரன் கிளைவ் அல்ல! மாணவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அது மறக்காது.

அற்றுப்போன பட்டம் என்ன ஆயிற்று? 1804இல், சென்னையிலிருந்து திரும்பிய எட்வர்டுக்காக அது மூன்றாம் முறையாகப் புதிதாக உருவாக்கப்பட்டது. இது வாரிசுரிமை அல்ல, புதுக் கொடை. அதனால் அவர் 'மூன்றாம் போவிஸ் ஏர்ல்' அல்லர்; எண் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கி, அவர் 'முதலாம் போவிஸ் ஏர்ல்' ஆனார். பழைய வேல்ஸ் குடும்பத்தின் பெயரும், வங்காளத்திலும் சென்னையிலும் சேர்ந்த செல்வமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. திப்புவின் கூடாரமும் அவருடைய அரியணையை அலங்கரித்த பொன் புலித்தலை ஒன்றும் இன்று போவிஸ் கோட்டையின் கிளைவ் காட்சியகத்தில் இருப்பதற்கு இந்த இணைப்பே காரணம். 1804க்குப் பின் 'கிளைவ்' என்பது அந்த வீட்டில் மூத்த மகனுக்கு மரியாதைக்காக வழங்கும் பெயராக, 'கிளைவ் வைகவுண்ட்' என்று மாறியது. ஆகவே கிளைவ் பிரபு எத்தனை பேர் என்று கேட்டால் இரண்டுடன் நிறுத்திவிட முடியாது.

அடுத்த பகுதியை நான் முழுவதும் வம்சாவளி மரமாகவே வரையச் சொல்வேன். முதலாம் ஏர்ல் 1839இல் இறந்தார். பெயர் மாற்றிய மகன் இரண்டாம் ஏர்ல். 1848இல் வேட்டையின்போது தன் மகனின் துப்பாக்கிக் குண்டு தவறிப் பட்டு இறந்தார். மூன்றாம் ஏர்ல் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1891இல் அவர் மறைந்தபோது தம்பி மகன் நான்காம் ஏர்ல் ஆனார். மகன் முறைதானே, தடையில்லை.

நான்காம் ஏர்ல் 61 ஆண்டுகள் பட்டத்தில் இருந்தார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் 1916இல் சோம் போர்முனையில் பட்ட காயத்தால் இறந்தார். இளையவர் மெர்வின் இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் பணியாற்றி, 1943இல் விமான விபத்தில் இறந்தார். மெர்வினுக்கு ஒரே குழந்தை, ஐந்து வயதுகூட நிரம்பாத டவினா என்ற பெண். 1952இல் நான்காம் ஏர்ல் 90 வயதில் மறைந்தபோது அவருக்கு இருந்த மிக நெருங்கிய வழித்தோன்றல்களில் இந்தப் பேத்தியும் ஒருத்தி. ஏர்ல் பட்டம் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆள் தேடி மரத்தில் இரண்டு தலைமுறை மேலே ஏறி, மறைந்தவருடைய சித்தப்பா ஒருவரின் பேரனிடம் அது போனது. அவர் ஐந்தாம் ஏர்ல். அவருக்குப் பின் அவர் தம்பி. அவருக்கும் பின் மற்றொரு சித்தப்பாவின் பேரன். நாரிச் மறைமாவட்டப் பேராயர் ஒருவரின் மகன். இவரே ஏழாம் ஏர்ல். 1993 முதல் அவர் மகன் எட்டாம் ஏர்ல். மரத்தில் எவ்வளவு தூரம் பக்கவாட்டில் போக வேண்டியிருந்தாலும் பெண்வழிக் கிளை தாண்டப்படுகிறது என்பதை மாணவர்கள் கோடு கோடாகப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்தச் சிறுமி டவினா வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு வாரிசு விதிகள் வேலை செய்ததுதான் இந்த வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. அவளுடைய பாட்டி வயலட்டுக்குத் தன் சொந்த உரிமையில் டார்சி டி நெய்த் பாரன் என்ற பட்டம் இருந்தது. அது 1332இல் தோன்றியது. அக்காலத்தில் பட்டயம் எழுதும் வழக்கம் வேரூன்றவில்லை. பெயரிட்டு மன்றத்துக்கு வரச் சொல்லும் அரசரின் அழைப்பாணையே பட்டமாகக் கருதப்பட்டது. அப்படித் தோன்றிய பட்டங்கள் மகன் இல்லாவிட்டால் மகளுக்கும் போகும். ஒரு மகள் மட்டும் இருந்தால் சிக்கல் இல்லை. இருவர் இருந்தால்? மூத்தவள், இளையவள் என்ற வேறுபாடு கிடையாது, இருவரும் சமம். ஒரு பட்டத்தைப் பாதியாக வெட்ட முடியாதே! அதனால் அது யாருக்கும் இல்லாமல் நிறுத்தி வைக்கப்படும். வயலட்டின் தந்தை 1888இல் இரண்டு மகள்களை விட்டு இறந்தபோது இதுதான் நடந்தது. பதினைந்து ஆண்டுகள் தொங்கலில் கிடந்த பட்டத்தை 1903இல் அரசர் வயலட்டுக்கு உறுதிப்படுத்தினார். அவரிடமிருந்து மகன் மெர்வினுக்கு, மெர்வினிடமிருந்து டவினாவுக்கு. தாத்தாவின் பட்டத்துக்குத் தகுதியில்லாத அதே சிறுமி, பாட்டியின் பட்டத்துக்கு உரியவளாகி 'பாரனஸ்' ஆனாள்.

பட்டம் வந்தது, சபை இருக்கை வரவில்லை. பரம்பரைப் பட்டம் கொண்ட பெண்கள் பிரபுக்கள் சபையில் அமர 1963ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அனுமதி இல்லை. பட்டத்தைத் துறக்கும் உரிமையைத் தந்ததும் அதே சட்டம்தான். மக்கள் சபையிலேயே இருக்க விரும்பிய டோனி பென் என்ற அரசியல் தலைவரின் நெடும் போராட்டம் அதற்குக் காரணம். 1964இல் ஒரு சாலை விபத்தில் கணவரை இழந்து, தாமும் நடக்கும் ஆற்றலை இழந்த டவினா, அதன்பின் சக்கர நாற்காலியில் அவைக்கு வந்து மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காகப் பேசினார். பாராலிம்பிக் போட்டியில் பதக்கமும் வென்றார். 1999ஆம் ஆண்டின் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்ற அனைவரையும் அவையிலிருந்து நீக்கியபோது, தங்கியவர்களில் அவரும் ஒருவர். 2008இல் மறைந்தார். போவிஸ் ஏர்ல்களின் வரிசையில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. பெண்கல்வி, சொத்துரிமை பற்றிப் பேசும் வகுப்புகளில் நான் இவரைத்தான் எடுத்துக்காட்டுகிறேன்.

இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்புப் பாடத்துக்குத் திரும்பினால் டல்ஹௌசியின் பக்கம் வேறாகப் படிகிறது. ஸ்காட்லாந்தின் பழைய டல்ஹௌசி ஏர்ல் பட்டத்தில் அவர் பத்தாமவர். இந்தியாவில் இருக்கும்போது 1849இல் மார்க்விஸ் ஆக்கப்பட்டார். 1848இல் சதாரா தொடங்கி ஜான்சி, நாக்பூர் என்று, ஆண் வாரிசு இல்லை, தத்து செல்லாது என்ற காரணம் காட்டி நாடுகளை இணைத்தவர் அவர். 1860இல் அவர் இறந்தபோது அவருக்கு இரண்டு மகள்கள், மகன் இல்லை. மார்க்விஸ் பட்டம் அவரோடு அற்றுப்போனது. பழைய ஏர்ல் பட்டம் உறவினர் ஒருவருக்குப் போனது. 'அவருக்கும் வாரிசு இழப்பா சார்!' என்று வகுப்பே ஆரவாரம் செய்யும். காரன்வாலிசுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அவர் மகனுக்கு ஐந்து பெண்கள். 1823இல் மார்க்விஸ் பட்டம் மறைந்தது.

ஆரவாரம் அடங்கியதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் பிரபுப் பட்டங்களில் தத்துப் பிள்ளைக்கு இடமில்லை. மகளுக்கு இடம் அரிது. 'வாரிசு இல்லை' என்று எப்போது சொல்வது என்பதில் டல்ஹௌசியின் கண் அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கண் என்று நான் கருதுகிறேன். அது விளக்கம்தானே தவிர நியாயம் ஆகாது. டல்ஹௌசியின் மார்க்விஸ் பட்டம் மறைந்ததால் அவர் மகள்களின் வீட்டை யாரும் பூட்டி முத்திரையிடவில்லை. பட்டம் வேறு, சொத்து வேறு. 1801இல் போவிஸ் பட்டம் மறைந்தபோதும் கோட்டை தங்கை மகனிடம் பத்திரமாகச் சேர்ந்தது. தஞ்சாவூரில் நடந்தது அப்படியா? 1855இல் அரசர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். மகள்கள் இருந்தும் பட்டம் முடிந்தது என்று கம்பெனி அறிவித்தது. அதோடு நில்லாமல் அவருடைய தனிச் சொத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. அரசரின் விதவை காமாட்சி பாய் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். இலண்டனில் பிரிவி கவுன்சில் 1859இல் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. இது அரசின் செயல், நீதிமன்றம் இதில் தலையிட முடியாது என்றது. தம் வீட்டில் இரண்டு கயிறு, நம் வீட்டில் ஒரே கயிறு. வாரிசு இழப்புக் கொள்கையை ஐந்து மதிப்பெண் விடையாக மட்டும் நடத்தும்போது இந்த வேறுபாடு நழுவிவிடுகிறது. பிள்ளையில்லாத நாடு தானாகவே வேறு கைக்குப் போவது இயற்கைதான் என்ற எண்ணம்கூடச் சில மாணவரிடம் தங்கிவிடுகிறது.

1801க்கும் இதே கண்ணாடியைப் பொருத்திப் பார்க்கலாம். அவ்வாண்டு ஜூலையில் ஆற்காட்டு நவாப் உம்தத்-உல்-உமரா இறந்தார். அவருடைய மகனாக அரியணைக்கு நின்ற அலி உசேன் கம்பெனியின் நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். உடனே நவாபின் தம்பி மகன் ஆசிம்-உத்-தௌலா தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஜூலை 31இல் கையெழுத்திட்டார். நாட்டின் ஆட்சி கம்பெனியிடம் சென்றது. இங்கே வாரிசு யார் என்பதைத் தீர்மானித்தது பட்டயமும் அல்ல, வம்சாவளி மரமும் அல்ல, கையெழுத்து. மகன் என்று நின்றவரைத் தள்ளிவிட்டுத் தம்பி மகனை ஏற்றுக்கொண்ட அந்த முடிவு நடந்த நேரத்தில் சென்னையின் ஆளுநர், தன் மைத்துனரின் பட்டம் மகனில்லாமல் அற்றுப்போனதைச் சில மாதங்களுக்கு முன்புதான் கண்டிருந்த எட்வர்டு கிளைவ்.

இதை இரண்டு பாட வேளைகளில் நடத்தலாம். முதல் வேளையில் வம்சாவளி மரம். நான்கு பேர் கொண்ட குழுக்களுக்குப் பெயரும் ஆண்டும் எழுதிய அட்டைகளைக் கொடுத்துவிட்டு, விதியை மட்டும் சொல்லி, 1891லும் 1952லும் பட்டம் யாரிடம் போகும் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். விடையை முதலில் சொல்லிவிட்டால் சுவை போய்விடும். இரண்டாம் வேளையில் அதே விதியைத் தஞ்சாவூருக்கும் ஆற்காட்டுக்கும் பொருத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை, ஏன் என்று ஒவ்வொரு குழுவும் இரண்டு வாக்கியம் எழுதினால் போதும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் மூன்றாம், நான்காம் வகுப்புக் குடும்ப மரப் பயிற்சியிலேயே 'அப்பா வழி', 'அம்மா வழி' என்று இரண்டு நிறங்களில் வரையப் பழக்கிவிட்டால் உயர்நிலை வகுப்புக்கு அது பெரிய உதவி. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பிள்ளைகளின் சொந்த வீட்டு வாரிசுத் தகராறுகள், தத்து, மறுமணம் ஆகியவை பேச்சில் வெளிவந்துவிடும். அதனால் பயிற்சியை எப்போதும் போவிஸ் குடும்பத்தின் மீதே நிறுத்திக்கொள்வது என் வழக்கம். தொலைவில் இருக்கும் குடும்பம் என்பதே அதன் வசதி.

ஆர்வமுள்ள மாணவர்கள் கூடுதலாகத் தேட இரண்டு பெயர்கள் சொல்வேன். ஒருவர் சென்னை ஆளுநராக இருந்து, தன் சொந்த ஆலோசனைக் குழுவினராலேயே 1776இல் சிறைப்பிடிக்கப்பட்டு மறுஆண்டு இறந்த பிகாட் பிரபு. திருமணம் ஆகாததால் அவருடைய பாரன் பட்டம் அவரோடு முடிந்தது. ஆனால் அவரிடமிருந்த பாரனெட் என்ற கீழ்ப்பட்டம், பட்டயத்தில் தம்பிக்கும் வழி வைத்திருந்ததால் தம்பிக்குப் போனது. மற்றவர் 1919இல் பரம்பரைப் பிரபுவாக்கப்பட்ட வங்காளத்தின் சத்யேந்திர பிரசன்ன சின்கா. அவருக்குப் பின் அவர் மகன் அருண் குமார் உரிமை கோரியபோது, பலதார மணத்துக்கு இடம் தரும் முறையில் நடந்த திருமணத்தின் மகன் 'முறையான வாரிசு' ஆவாரா என்ற ஐயம் எழுந்தது. தந்தை பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர், அவருடைய திருமணம் ஒருதார மணமே என்று ஏற்று, 1939இல்தான் மகனின் உரிமையை ஒப்புக்கொண்டார்கள்.

ஆற்காட்டின் கதை 1801உடன் முடியவில்லை. 1855இல் கடைசி நவாப் பிள்ளையின்றி இறந்தபோது டல்ஹௌசி அந்தப் பட்டத்தையும் ஒழித்தார். உரிமை கோரிய சித்தப்பா ஆசிம் ஜா ஏற்கப்படவில்லை. ஆனால் 1867இல் அதே ஆசிம் ஜாவுக்கு விக்டோரியா அரசியின் பெயரால் 'ஆற்காடு இளவரசர்' என்ற புதிய பரம்பரைப் பட்டம் வழங்கப்பட்டது. எட்வர்டுக்குப் போவிஸ் ஏர்ல் பட்டம் வந்ததைப் போலவே இதுவும் பழையதன் தொடர்ச்சியல்ல, புதுக் கொடை. இங்கும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கியது. 1971இல் அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் முன்னாள் மன்னர்களின் பட்டங்களையும் மானியத்தையும் நீக்கியபோது, நாடாளும் மன்னர் என்ற வகையில் வராததால் இது தப்பியது. சென்னை இராயப்பேட்டையின் அமீர் மகாலில் அந்தப் பட்டம் இன்றும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.